பெருநாள் புதனா, வியாழனா

கேதீஸ்வரியின் மேசைக்கு நேர் மேலே, சுவரில் மூன்று கலண்டர்கள் தொங்கும். ஒன்று வங்கி கொடுத்தது. அரச விடுமுறைகள் அதில் சிவப்பாய் இருக்கும். மற்ற இரண்டும் பஞ்சாங்கக் கலண்டர்கள். ஒன்று வாக்கியம், மற்றது திருக்கணிதம். சில வருடங்களில் இரண்டும் ஒரு நாள் இடிபடும். ஒரே விரதத்தை ஒரு கோயிலில் இன்றைக்கும் பக்கத்துக் கோயிலில் நாளைக்கும் பிடிப்பார்கள். எது சரி என்று ஊரே சண்டை பிடிக்கும். கேதீஸ்வரி அந்தச் சண்டைக்குப் போவதில்லை. இரண்டு நாளையும் வட்டமிட்டு விடுவாள்.

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சிறிய தொழிற்பயிற்சிக் கல்லூரியில் அவள் கிளாக். வீடு அரியாலையில். வயது நாற்பத்து மூன்று. பத்தொன்பது வருடமாக மாணவர்களின் வரவுப் பதிவேடு அவள் கையில்தான் இருக்கிறது. நூற்றுக்கு எண்பது வரவு இல்லாதவர்கள் இறுதிப் பரீட்சைக்கு இருக்க முடியாது. இந்த விதியை அவள் ஒருநாளும் வளைத்ததில்லை. வளைக்கத் தேவை வராதபடி நாட்களை முதலே பார்த்து ஒதுக்கி வைத்து விடுவாள்.

அந்தப் பழக்கம் வந்தது ஒரு வயிற்றோட்டத்தால். ஆவணியில் நல்லூர்த் தேருக்கு முதல் நாள் தொடங்கி, மாணவர்களிடையே ஏதாவது ஒரு வருத்தம் பரவும். வேலைக்கு வந்த புதிதில் அவள் அதை நம்பியும் இருக்கிறாள். ஒருமுறை, கடும் வயிற்றோட்டம் என்று வைத்தியர் ஒப்பமிட்ட கடிதத்தை நீட்டிவிட்டுத் திரும்பிய பெடியனின் வெள்ளைச் சட்டைக்குள்ளால், காவடிக்காக முதுகில் செடில் கொக்கி குத்திய காயங்கள் வரிசையாய்த் தெரிந்தன.

"தம்பி, நில்லும். உம்மடை வயித்தோட்டம் முதுகாலையோ போனது?"

அலுவலகம் முழுக்கச் சிரித்தது. பெடியன் அழுது விட்டான். அவளுக்குத்தான் அன்று முழுக்க ஒருமாதிரி இருந்தது. அடுத்த வருடத்திலிருந்து, புதிய வகுப்பு தொடங்கும் முதல் கிழமையே ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேட்கத் தொடங்கினாள்: "உங்கடை ஊர்க் கோயில் எப்ப கொடியேறுது? தேர் எப்ப? உனக்கு ஏதும் நேர்த்தி கிடக்கோ?" அந்த நாட்களில் பரீட்சை வராமல் பார்த்துக் கொண்டாள். அதற்குப் பிறகு கடிதங்களில் வயிற்றோட்டம் குறைந்தது. மாணவனுக்குப் பொய் இல்லை, வராதவனுக்குச் சுழி போட அவளுக்குச் சிவப்பு மை இல்லை.

இந்த முறை பேக்கரி வகுப்பில் பன்னிரண்டு பேர். பதினோராவது பெயர் நிலூபா.

அந்தப் பெயரைப் பதிவேட்டில் எழுதும்போது கேதீஸ்வரியின் கை கொஞ்சம் மெதுவாய்ப் போனது. கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து அந்தப் பதிவேட்டில் ஏறிய முதல் முஸ்லிம் பெயர் அது. போர் நடந்த தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றியபோது கேதீஸ்வரிக்கு ஒன்பது வயது. பட்டணத்துப் பள்ளிக்கூடமொன்றில் அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் கமீலா என்றொரு பிள்ளை இருந்தாள். கமீலா வராமல் போன பிறகும் ரீச்சர் ஒரு கிழமைக்கு மேல் அந்தப் பெயரைக் கூப்பிட்டுக் கொண்டிருந்தார். ஒவ்வொரு நாளும் கூப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுப்பார். பிறகு ஒருநாள் அடிமட்டத்தை வைத்து, அந்தப் பெயருக்கு மேலால் சிவப்பில் ஒரு கோடு இழுத்தார். அவ்வளவுதான். கேதீஸ்வரி இதை ஒருவருக்கும் சொன்னதில்லை. சொல்ல அதில் என்ன இருக்கிறது?

நிலூபா, குடும்பம் அகதியாய்ப் போயிருந்த புத்தளத்தில் பிறந்தவள். பத்து வயதில் குடும்பத்தோடு திரும்பி வந்து, ஐந்துசந்திப் பக்கம் உம்மாவோடும் மூத்த சகோதரன் சப்ரான் நானாவோடும் இருக்கிறாள். வகுப்பில் அதிகம் கதைக்க மாட்டாள். மா குழைத்தால் மட்டும் அவள் கையை எல்லாரும் பார்ப்பார்கள். பட்டணத்து ஹோட்டல் ஒன்று, சான்றிதழோடு வந்தால் மே மாதமே வேலை தருவதாகச் சொல்லியிருந்தது.

நோன்பு மாதம் தொடங்கியபோது நிலூபாவால் மீன் அடைத்துச் சுடும் பணிஸுக்கு உப்புப் பார்க்க முடியாமல் போயிற்று. வகுப்புத் தோழி தாரிகா பார்த்துக் கொடுத்தாள். பங்குனி பிறந்ததும் அதற்கும் இடைஞ்சல் வந்தது. பங்குனித் திங்கள்களில் தாரிகாவும் விரதம். மீன் பக்கமே போகமாட்டாள்.

"மிஸ், திங்கட்கிழமை எங்கடை வகுப்பிலை உப்புப் பாக்க ஆளில்லை," என்று தாரிகா ஒருநாள் அலுவலக யன்னலில் வந்து நின்று முறையிட்டாள்.

"மயிலிட்டிப் பெடியன் சிவதர்ஷன் இருக்கிறான் எல்லே?"

"உவனோ! கடல் தண்ணி குடிச்சு வளந்தவன். எதைக் குடுத்தாலும் உப்புக் காணாது எண்டுறான்."

இறுதிச் செய்முறைப் பரீட்சைக்குத் தலைமை அலுவலகம் முதலில் கொடுத்த நாட்கள், ஏப்ரல் மாதத்து ஒரு திங்களும் செவ்வாயும். கேதீஸ்வரி கலண்டரைப் பார்த்தாள். அது கடைசிப் பங்குனித் திங்கள். வகுப்பில் பாதிப்பேர் மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மனுக்குப் பொங்கப் போவார்கள். தாரிகாவுக்கு நேர்த்தியே இருந்தது. வங்கிக் கலண்டரில் நோன்புப் பெருநாள் வியாழன் என்று சிவப்பாய் இருந்தது. அப்படியென்றால் செவ்வாயும் புதனும் பிழையில்லை. கடிதம் எழுதி, அதிபரின் ஒப்பம் வாங்கி அனுப்பினாள். நாட்கள் மாறி வந்தன. வகுப்பில் போய்ச் சொன்னபோது பன்னிரண்டு பேரும் கைதட்டினார்கள். அவளுக்குப் பெருமைதான், இல்லை என்று சொல்லக்கூடாது.

பரீட்சைக்கு முதல் வியாழக்கிழமை, மற்றவர்கள் எல்லாம் போன பிறகு, நிலூபா தனியே வந்து மேசையடியில் நின்றாள்.

"மிஸ், ஒண்டு சொன்னால் ஏசமாட்டியளே?"

"ஏசுறதெண்டால் கேட்டாப் பிறகு ஏசுறன். சொல்லு."

"புதன்கிழமை எங்களுக்குப் பெருநாளாய் இருந்தாலும் இருக்கும்."

கேதீஸ்வரி வங்கிக் கலண்டரைக் காட்டினாள். "கண் தெரியேல்லையே பிள்ளை? வியாழன். வட்டமும் போட்டு வைச்சிருக்கிறன்."

"அது அச்சடிச்ச ஆக்கள் போட்டது மிஸ். பிறை கண்டால்தான் பெருநாள். செவ்வாய் எங்களுக்கு இருபத்தொன்பதாம் நோன்பு. அண்டு பின்னேரம் பிறை தெரிஞ்சால் புதன் பெருநாள். தெரியாட்டில் முப்பதும் பிடிச்சு வியாழன்."

"எப்ப தெரிய வரும்?"

"செவ்வாய் பொழுதுபட்டாப் பிறகுதான். கொழும்பிலை இருந்து அறிவிப்பினம்."

"முன்னமே கணிச்சுச் சொல்ல ஒருத்தரும் இல்லையே?"

"கணிக்கிறேல்லை மிஸ். கண்ணாலை பாக்கோணும்."

கேதீஸ்வரி கதிரையில் சாய்ந்தாள். இரண்டு பஞ்சாங்கத்துக்கு இரண்டு வட்டம் போடத் தெரிந்தவளுக்குப் பிறைக்கு இரண்டு வட்டம் போடத் தெரியாமல் போய்விட்டது. பக்கத்து வீட்டிலோ பக்கத்து மேசையிலோ கேட்டுத் தெரிந்து கொள்ள, முப்பது வருடத்துக்கு மேலாய் ஆள் இருக்கவில்லை. திங்களைக் காப்பாற்றப் போய்ப் புதனில் கொண்டுபோய் மாட்டியிருக்கிறாள். பரீட்சைக்கு வராவிட்டால் அடுத்த தவணை ஒரு வருடம் கழித்துத்தான். ஹோட்டல் வேலை அதுவரை காத்திருக்காது.

"அண்டைக்கே ஏன் சொல்லேல்லை?"

"எல்லாரும் கைதட்டினவை மிஸ்." நிலூபா முந்தானை நுனியைச் சுருட்டினாள். "நானும் தட்டிப்போட்டன்."

கத்தோலிக்கரான அதிபர் லெனாட் சேர் நல்ல மனிதர். ஆனால் தலைமை அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தால் எழும்பி நின்று கதைப்பவர்.

"கேதீஸ், ஒரு தரம் கேட்டு மாத்தினது. இப்ப திரும்பவும் போய் நிண்டால், கோயிலும் வேண்டாம் பள்ளிவாசலும் வேண்டாம் எண்டு பழையபடி திங்களுக்கே போட்டுடுவாங்கள். பிறகு பதினொரு பேரும் என்னைத்தான் தின்னுவினம். காலமைத் தொழுகையை முடிச்சிட்டு அந்தப் பிள்ளையை வரச் சொல்லுங்கோவன்."

"சேர், நத்தார் அண்டு பூசை முடிச்சிட்டு நீங்கள் பரீட்சைக்கு வருவியளே?"

லெனாட் சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை.

"எழுதுங்கோ," என்றார் கடைசியில். "ஆனால் நாளைத் தொடாமல் எழுதுங்கோ."

கல்லூரியில் பணிஸ் சுடும் போறணை ஆறுதான். ஆகவே நாளுக்கு ஆறு பேர். முதல் ஆறு இலக்கங்கள் செவ்வாய், மற்ற ஆறும் புதன். நாளைத் தொடாமல் என்றால் ஆளை மாற்றலாம். செவ்வாய்க்கிழமைக்காரர் ஒருவர் புதனுக்குப் போனால், நிலூபா செவ்வாய் எடுத்து முடித்து விடுவாள். வெள்ளிக்கிழமை காலை வகுப்பில் போய் நின்று, பிழை தன்னுடையது என்றே தொடங்கினாள். சொல்லி முடிக்க முதல் தாரிகா கையைத் தூக்கினாள். அவள் நாலாம் இலக்கம்.

"மிஸ், திங்கள் முழுக்க மட்டுவிலிலை வெய்யிலுக்கை நிண்டு பொங்கிப்போட்டுச் செவ்வாய் விடிய மா குழைக்கிறதை நினைக்க, நான் ரெண்டு நாளாய் நித்திரை கொள்ளேல்லை. புதன் தந்தியள் எண்டால் அம்மாளாச்சிக்கு இன்னொரு பானை வைப்பன்."

"அப்ப செவ்வாய் நிலூபாவுக்கு ஆர் உப்புப் பாக்கிறது?" என்றான் சிவதர்ஷன்.

"பரீட்சையிலை ஒருத்தரும் பாக்கேலாது. நீ பாத்தாலும் அவள் பெயில்தான்."

நிலூபா முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

இருவரிடமும் சம்மதக் கையொப்பம் வாங்கி, கடிதத்தோடு இணைத்து, அன்றைக்கே மின்னஞ்சலில் அனுப்பினாள். 'இது மாணவியின் தவறு அல்ல. அட்டவணை தயாரித்த என்னுடைய தவறு' என்றொரு வரியும் அதில் இருந்தது. பதில் வரவில்லை. சனி போயிற்று. ஞாயிறு, வீட்டுக்குப் பக்கத்து வைரவருக்கு, செவ்வாய்க்கிழமை பிறை தெரியாமல் விட்டால் வடைமாலை போடுவதாக நேர்ந்தாள். திங்கள் பங்குனித் திங்களாய்ப் போயிற்று. பதில் இல்லை.

செவ்வாய் காலை ஏழரைக்குப் பரீட்சகர் வந்தார். இராசமலர் என்று பெயர். குட்டையான, சிரிக்காத அம்மா. அரக்கு வைத்த உறையைப் பிரித்துப் பெயர்களை வாசித்தார்.

"நாலாம் இலக்கம், தாரிகா?"

வெள்ளை மேலங்கியோடு நிலூபா எழும்பினாள்.

"நான் நிலூபா, மிஸ்."

"நீர் பதினொண்டு. நாளைக்கு எல்லே?"

கேதீஸ்வரி கடிதப் பிரதியை நீட்டினாள். இராசமலர் நின்றபடியே முழுவதையும் வாசித்தார்.

"தலைமை அலுவலகம் பதில் தந்ததோ?"

"இன்னும் இல்லை."

"நாளைக்குப் பெருநாள் எண்டு ஆருக்குத் தெரியும்?"

"ஒருத்தருக்கும் தெரியாது. பின்னேரம்தான் தெரியும்."

இராசமலர் கடிதத்தில் ஒரு வரியை விரலால் தொட்டார். "பிழை என்னுடையது எண்டு கிளாக் ஒராள் எழுதி நான் வாசிக்கிறது இதுதான் முதல் தரம்." கைப்பையிலிருந்து மூலை மடிந்த விதிக் கையேடொன்றை எடுத்துப் புரட்டினார். "ஒன்பதாம் பந்தி. நாளுக்குரிய எண்ணிக்கை மாறாவிட்டால், போதிய காரணம் இருக்கும் இடத்தில் பரீட்சகர் ஒழுங்கை மாற்றலாம். ஒருத்தரும் உதை வாசிக்கிறேல்லை." பட்டியலில் திருத்தி ஒப்பமிட்டார். "போம் பிள்ளை, போறணையைச் சூடாக்கும்."

கேதீஸ்வரிக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. என்றாலும் அன்று காலை மூன்று தடவை அந்த யன்னல் பக்கமாய்ப் போய் வந்தாள். நிலூபா மீனை வதக்கிக் கொண்டிருந்தாள். உப்பை உள்ளங்கையில் கொட்டி, விரலால் கொஞ்சம் ஒதுக்கி, மிச்சத்தைப் போட்டாள். பிறகு குனிந்து ஆவியை மணந்தாள். ஒதுக்கிய உப்பையும் போட்டாள். வாயில் ஒன்றும் வைக்கவில்லை.

பின்னேரம் மூன்று மணிக்கு, எல்லாம் முடிந்து தட்டுகள் கழுவும்போது, மின்னஞ்சல் வந்தது. இரண்டாவது மாற்றத்துக்கு அனுமதி இல்லை. அரச கலண்டரின்படி பெருநாள் வியாழக்கிழமை. போதிய காரணம் காட்டப்படவில்லை.

கேதீஸ்வரி அச்செடுத்துக் கொண்டு போனாள். இராசமலர் வாசித்துவிட்டுக் கதிரையில் அமர்ந்தார்.

"இனி இதுதான் நிலைமை. நாளைக்குப் பெருநாள் எண்டால் காரணம் நிக்கும், என்ரை கையொப்பமும் நிக்கும். அறிக்கையிலை எழுதி அனுப்புவன், ஒருத்தரும் வாய் திறக்கேலாது. வியாழன் எண்டால், அந்தப் பிள்ளையின்ரை புள்ளியை நிப்பாட்டி வைப்பாங்கள். நீங்களும் நானும் விளக்கம் எழுதிக் கொண்டிருப்பம்."

"நாளைக்கு அவளைத் திரும்ப எடுக்க விட ஏலாதே?"

"ஒராள் ரெண்டு தரம் எடுக்கேலாது. அதுவும் இந்தப் புத்தகத்திலைதான் கிடக்கு."

அன்று பொழுதுபட, கேதீஸ்வரி கணவன் சுரேஸின் ஓட்டோவில் ஏறிக் கடல்நீரேரிக் கரைக்குப் போகச் சொன்னாள். மேற்கே முகில் அடைத்துக் கிடந்தது. வானம் ஒரு துண்டு மட்டும் சிவந்து, பிறகு அதுவும் மங்கியது.

"என்னத்தைத் தேடுறாய்?"

"பிறை."

"நாளைக்கு நல்ல வடிவாய்த் தெரியும்."

"இண்டைக்குத் தெரியோணும்."

சுரேஸ் ஓட்டோவிலிருந்து இறங்கி வந்து அவள் முகத்தைப் பார்த்தான். "ஞாயிற்றுக்கிழமை, பிறை தெரியக்கூடாதெண்டு வைரவருக்கு வடைமாலை நேந்தனி. இப்ப தெரியோணும் எண்டுறாய். அந்த மனுசன் எந்தப் பக்கம் நிக்கிறது?"

"இஞ்சருங்கோ, பகிடி விடாமல் நீங்களும் ஒருக்காப் பாருங்கோ. எனக்குக் கண்ணாடியும் சரியில்லை."

இருவரும் பார்த்தார்கள். தண்ணீருக்குள் நின்று வலை இழுத்த ஒருவர், இவர்கள் பார்ப்பதைப் பார்த்துத் தானும் நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. முகில் கறுத்து, நீரும் கறுத்தது. பள்ளிக்கூடத்துக் கதிரை ஒன்றும் சிவப்புக் கோடு ஒன்றும் எங்கிருந்தோ நினைவில் வந்தன. அந்தக் கோட்டை இழுத்தது வேறு யாரோ. இந்த முறை அட்டவணை போட்டது தன் கை. அந்த நினைப்புத்தான் அவளை நிற்கவும் இருக்கவும் விடவில்லை.

தொலைபேசி அடித்தபோது கைப்பையின் வாயைத் திறக்கவே நேரமெடுத்தது.

"மிஸ்! கண்டாச்சு மிஸ்! நாளைக்குப் பெருநாள்!"

"எங்கை பிள்ளை? எனக்கு ஒண்டும் தெரியேல்லையே!"

"எங்களுக்கும் தெரியேல்லை. இஞ்சை ஒரே முகில். கிழக்கு மாகாணத்திலை எங்கேயோ கண்டவையாம். இப்பதான் றேடியோவிலை சொன்னவை." நிலூபாவின் குரலுக்குப் பின்னால் பிள்ளைகள் கத்துவதும், பள்ளிவாசல் ஒலிபெருக்கியும், யாரோ பாத்திரம் உருட்டுவதும் ஒன்றாய்க் கேட்டன. "மிஸ், நீங்களும் பிறை பாத்தனீங்களே?"

"சும்மா... காத்து வாங்க வந்தனாங்கள்."

தொலைபேசியை வைத்துவிட்டு ஓட்டோவின் படியிலேயே அமர்ந்தாள். மூச்சு ஒன்று நெஞ்சின் அடியிலிருந்து புறப்பட்டு, போய்க் கொண்டே இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"அப்ப வடைமாலை?" என்றான் சுரேஸ்.

"போடுறதுதான். நான் கேட்டதைத் தராமல் விட்டாரே, அதுக்கு."

புதன்கிழமை பின்னேரம், பரீட்சை முடிந்த கையோடு, புதுச் சாரமும் புதுச் சட்டையுமாய் ஒரு இளைஞன் அலுவலகத்துக்கு வந்தான். நிலூபாவின் நானா சப்ரான். கையில் துணியால் கட்டிய பெரிய கிண்ணம்.

"தங்கச்சி தந்து விட்டவ. எல்லாருக்கும் காணும் எண்டவ. வட்டிலப்பம்."

முட்டையும் சர்க்கரையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த அந்த இனிப்பை லெனாட் சேர் இரண்டு தரம் எடுத்தார். போறணைப் பக்கமிருந்து வியர்த்து விறுவிறுத்து வந்த தாரிகா, நேற்றைய நித்திரையின் புண்ணியத்தில் தன் பாண் நன்றாய் எழும்பிவிட்டதென்று சொல்லிக் கொண்டே கரண்டியைப் பறித்தாள். சிவதர்ஷன் ஒரு வாய் வைத்துவிட்டு எதையோ சொல்லத் தொடங்க, "உப்பைப் பற்றிக் கதைச்சியோ தெரியும்," என்று அவன் வாயை அடைத்தாள்.

இராசமலர் அறிக்கையை எழுதி முடித்துக் கேதீஸ்வரியின் பக்கம் தள்ளினார். போதிய காரணம் என்ற இடத்துக்கு நேரே, 'நோன்புப் பெருநாள், புதன்கிழமை' என்று இருந்தது. வேறு ஒரு சொல்லும் இல்லை. பிறகு வட்டிலப்பத்தை எடுத்து மெதுவாய்ச் சாப்பிட்டார்.

"இது பாடத்திட்டத்திலை இல்லை. இருந்திருந்தால் நூறு போட்டிருப்பன்."

கேட்கக்கூடாது என்று தெரிந்தும் கேதீஸ்வரி கேட்டாள். "நேற்று அவளின்ரை மீன் பணிஸ்... உப்பு எப்பிடி?"

"புள்ளி ரகசியம்." இராசமலர் கரண்டியை நக்கிவிட்டு வைத்தார். "எல்லாரின்ரையிலையும் ஒரு கடிதான் கடிக்கிறது வழக்கம். அதை முழுசாய்ச் சாப்பிட்டன்."

எல்லாரும் கலைந்த பிறகு கேதீஸ்வரி பதிவேட்டைத் திறந்தாள். அன்று பரீட்சை இல்லாதவர்களும் பாத்திரம் கழுவ வந்திருந்தார்கள். பதினோராம் இலக்கத்துக்கு நேரே புதன்கிழமைப் பெட்டி மட்டும் வெறுமையாய்க் கிடந்தது. வராதவர்களுக்கு அவள் வழக்கமாய்ச் சிவப்பில் ஒரு சுழி போடுவாள். சிவப்புப் பேனையை எடுத்து, திரும்ப வைத்துவிட்டு, நீலத்தை எடுத்தாள். எழுத்தை எவ்வளவு சின்னதாக்கினாலும், 'பெருநாள்' என்ற சொல் அந்தப் பெட்டிக்குள் அடங்கவில்லை. கடைசி இரண்டு எழுத்தும் கோட்டைத் தாண்டி வியாழக்கிழமைக்குள் போயின.

அவள் அதைத் திருத்தவில்லை. மை காயும்வரை கொஞ்சம் பொறுத்துவிட்டுப் பதிவேட்டை மூடினாள்.